காகிதம் சுற்றிய குண்டு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிறவன் பாடு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பிரியாணி வேறு நன்றாக இருந்துவிட்டது. செயலாளர் அண்ணன் போனிலேயே எச்சரித்தார்: "கும்மிடிப்பூண்டியில என்ன பண்றேன்னு பேசுடா, ஆனா படம் போட்டு எங்களைத் தூங்க வச்சிடாதே." அதனால் படம் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். துப்பாக்கிக் குண்டின் மேல் சுற்றுகிற காகிதம்.

நம் கல்லூரி என்.சி.சி.யில் இருந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆவடி பக்கம் கேம்ப் போய், பாயிண்ட் 22 ரைஃபிளை 25 மீட்டரில் படுத்த நிலையில் சுட்டது ஞாபகம் இருக்கும். 'குரூப்பிங்' நன்றாக வந்தால் அன்றைக்கு முழுக்கக் காலர் தூக்கிவிட்டு நடப்போம். அந்தத் தோட்டாவைக் கையில் எடுத்தால் ஈயக் குண்டின் மேல் மெழுகு போல ஏதோ பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். அது எதற்கு என்று அன்றைக்கு நாம் கேட்கவில்லை. வேலைக்குப் போய், பழைய துப்பாக்கிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

ரைஃபிள் குழலுக்குள் திருகு திருகாகக் காடிகள் வெட்டியிருக்கும். குண்டு அந்தக் காடிகளில் பிடித்துக்கொண்டு சுழன்றபடி வெளியே வரும். சாட்டை சுற்றி விட்ட பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழலும் குண்டு தலைகுப்புறப் புரளாமல் நேராகப் போகும். இதில் ஒரு சிக்கல். குண்டு ஈயம். 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், நகத்தால் கீறலாம், அவ்வளவு மெது. வேகமாகத் தள்ளினால் ஈயம் காடியில் பிடிக்காமல் வழுக்கும்; குழலின் உட்சுவரில் பூச்சுப் பூச்சாக ஒட்டிக்கொள்ளும். பத்துக் குண்டு சுட்டால் பதினோராவது குண்டு எங்கே போகும் என்று சுட்டவனுக்கே தெரியாது.

ஈயத்துக்கும் இரும்புக்கும் நடுவில் ஏதாவது ஒன்று வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்குக் கண்டுபிடித்த விடைகளில் ஒன்றுதான் காகிதம்.

செய்முறையைச் சொல்கிறேன், மெக்கானிக்கல்காரர்கள் கவனியுங்கள். குழலின் உள்விட்டம் 0.450 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். குண்டை 0.442 அங்குலத்துக்கு வார்க்க வேண்டும். காகிதத்தின் கனம் இரண்டு தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. காகிதத்தை ஈரமாக்கி, குண்டின் மேல் சரியாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து நாலு தவ், இரண்டு சுற்றுக்கு எட்டுத் தவ். 0.442 உடன் 0.008 சேர்த்தால் 0.450. கணக்கு நேர். காகிதத்தின் முனைகளைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள், அப்போதுதான் ஒரு முனை இன்னொன்றின் மேல் ஏறாமல் பக்கத்தில் வந்து முட்டும். அடியில் மிஞ்சுவதைத் திருகி மடித்துவிட்டால், காய்ந்ததும் காகிதம் இறுகித் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

இது பெரிய வித்தையா என்று கேட்காதீர்கள். நம் ஒர்க்‌ஷாப்பில் லேத் முன்னால் நின்றபோது, ஜாபின் மேல் சிகரெட் பேப்பரை ஒட்டி, டூல் அந்தப் பேப்பரைத் தொட்டு இழுக்கிற இடத்தைப் பார்த்து 'டச்' எடுக்கச் சொல்லிக் கொடுத்தார்களே, அதே புத்திதான் இது. மலிவான காகிதம்தான், ஆனால் அளவுக்கு அதை நம்பலாம்.

சுட்டவுடன் என்ன நடக்கிறது? வெடிமருந்தின் அறை விழுந்ததும் ஈயம் பின்னாலிருந்து நசுங்கிக் கொஞ்சம் பருத்து, காகிதத்தோடு சேர்ந்து காடிகளுக்குள் அழுந்தும். காடியைப் பிடிப்பது காகிதம், இரும்பைத் தொடுவதும் காகிதம். ஈயம் குழலைத் தொடுவதே இல்லை. குழலை விட்டு வெளியே வந்த நொடியில் காகிதம் சுக்கலாகக் கிழிந்து உதிர்ந்துவிட வேண்டும். உதிராமல் ஒரு கீற்று ஒட்டிக்கொண்டு போனாலும் குண்டு திசை மாறிவிடும்.

கிழிவதற்கு யார் உதவுகிறார்கள்? சுழற்சிதான். 1871ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி ஹென்றி ரைஃபிளின் குண்டு 480 கிரெயின், நம் கணக்கில் 31 கிராம், காகிதம் சுற்றியது. வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 400 மீட்டர். காடி 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. போட்டுப் பாருங்கள், விநாடிக்கு 700 சுற்றுக்கு மேல், நிமிஷத்துக்கு 43,000 சுற்று. குண்டின் விளிம்பில் இருக்கும் காகிதத்தின் மேல் புவியீர்ப்பைப் போல் சுமார் 12,000 மடங்கு விசை. எந்தக் காகிதம் தாங்கும்? கல்யாண வீட்டில் தூவுகிற வண்ணக் காகிதம் மாதிரி பறந்துவிடும்.

இன்றைக்கும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழைய ரைஃபிள்களை வைத்துப் பொழுதுபோக்காகச் சுடுகிறவர்கள் உண்டு. ரேஞ்சில் சுட்டு முடித்ததும் குழலுக்கு முன்னால் போய்த் தரையில் கிடக்கும் காகிதத் துணுக்குகளைப் பொறுக்கிப் பார்ப்பார்கள். காடி வெட்டிய கோட்டிலேயே சுத்தமாகக் கிழிந்திருந்தால் எல்லாம் சரி. கருகியிருந்தால், பின்னாலிருந்து நெருப்பு புகுந்திருக்கிறது. நம் வேலையில் டூல் சரியாக வெட்டுகிறதா என்று சீவலைப் பார்த்துச் சொல்கிறோமே, அப்படி.

இந்தக் கதையில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த பழவேற்காட்டில், கெல்ட்ரியா கோட்டை கட்டி உட்கார்ந்த டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே வெடிமருந்து தயாரித்துக் கப்பல் ஏற்றிப் பதாவியா வரைக்கும் அனுப்பினார்கள். இன்னொன்று, அடி குழிந்த குண்டு. அழுத்தம் வந்ததும் குண்டின் அடிப்பக்கம் விரிந்து குழலை அடைக்க வேண்டும் என்ற யோசனை ஜான் நார்ட்டன் என்ற கேப்டனுக்கு வந்தது. தென்னிந்தியாவில் ஊதுகுழலில் வைத்து ஊதும் அம்பைப் பார்த்துத்தான் வந்தது என்று ஆயுத வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அம்பின் அடியில் தாமரைத் தண்டின் நெட்டி வைத்திருப்பார்களாம். ஊதினால் நெட்டி விரிந்து காற்று வெளியே போகாமல் அடைத்துக்கொள்ளும். பெயர் தெரியாத நம் ஊர் வேட்டைக்காரனின் புத்தி, 1849ல் பிரான்ஸில் மினியே என்பவர் பெயரில் பிரபலமாகி, 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிளாகத் திரும்ப இந்தியாவுக்கே வந்தது.

என்ஃபீல்டு என்றதும் உங்களுக்கு 1857 ஞாபகம் வந்திருக்கும். அங்கேதான் நானும் வருகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்னது 'கொழுப்புத் தடவிய தோட்டா' என்று. அந்தத் தோட்டா எப்படி இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. அது ஒரு காகிதக் குழாய். ஒரு பக்கம் வெடிமருந்து, மறுபக்கம் குண்டு. சிப்பாய் மருந்துப் பக்கத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, தோட்டாவைத் திருப்பிக் குண்டுப் பக்கத்தைக் காகிதத்தோடு குழலில் நுழைத்து, மிச்சக் காகிதத்தைக் கிழித்து எறிந்துவிட்டு, கம்பியால் இடித்து இறக்குவான். குழலின் விட்டம் 0.577 அங்குலம், குண்டு 0.568. நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்புவது அந்தக் காகிதமும் அதன் மேல் தடவிய கொழுப்பும்தான். ஆக, அதுவும் காகிதம் சுற்றிய குண்டுதான். கொழுப்பு இல்லாவிட்டால் நாலு குண்டுக்குப் பிறகு கரி பிடித்த குழலில் ஐந்தாவது இறங்காது. இன்ஜினியரிங்காகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத டிசைன்.

எந்த விலங்கின் கொழுப்பு? அதை யாரும் குறிப்பிட்டுக் கேட்டு வாங்கவில்லை. கான்ட்ராக்டர் கொடுத்ததைத் தடவினார்கள். அவ்வளவுதான்.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. இந்தியத் தட்பவெப்பம் தாங்குமா என்று பார்க்க 1853லேயே கொழுப்புத் தடவிய தோட்டாக்களை இங்கே அனுப்பினார்கள். அப்போதே வங்காளப் படையின் ஹென்றி டக்கர் என்ற அதிகாரி, இந்தக் கொழுப்பு சிப்பாய்களின் சாதி, மதத்துக்குப் பங்கம் செய்யாது என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதினார். அந்தக் காகிதம் ஃபைலுக்குள் போய்விட்டது. அதற்கும் முன்னால், நம் வேலூரில் 1806 ஜூலை 10ஆம் தேதி என்ன நடந்தது? புதுத் தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம். 'இது என்ன தோல்?' என்ற கேள்விக்கு நேரான பதில் சொல்லாமல், கேட்டவனுக்குச் சவுக்கடி கொடுத்தார்கள். விடிவதற்குள் கோட்டை ரத்தக்காடாகிவிட்டது. ஐம்பது வருஷம் கழித்து அதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டிவந்தது.

1857 ஜனவரியில் கல்கத்தா பக்கத்து டம்டம்மில் புதுத் தோட்டாவைப் பற்றிப் பேச்சு கிளம்பியது. மேலதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. ஜனவரி முடிவதற்குள்ளேயே, கொழுப்பு இல்லாத தோட்டா தருகிறோம், உங்களுக்குப் பிடித்ததை நீங்களே தடவிக்கொள்ளுங்கள் என்றார்கள். பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. பிப்ரவரியில் பாரக்பூரில் நடந்த விசாரணையில் சிப்பாய்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "கொழுப்பு இருக்கட்டும், இந்தக் காகிதமே சரியில்லை" என்கிற மாதிரி சொன்னார்கள். பழைய காகிதம் போல இல்லை, பளபளவென்று துணி மாதிரி விறைப்பாக இருக்கிறது, நெருப்பில் காட்டினால் கொழுப்பு சேர்ந்தது போல் சடசடக்கிறது என்றார்கள். அந்தக் காகிதத்தை ரசாயனப் பரிசோதனை செய்தார்கள். கொழுப்பு இல்லை என்று முடிவு வந்தது. நம்புவதற்கு ஆள் இல்லை. பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று டிரில் முறையையே மாற்றினார்கள். 'தப்பு இல்லையென்றால் ஏன் மாற்றுகிறார்கள்?' என்று சந்தேகம் இரட்டிப்பானது.

மார்ச் 29ல் மங்கள் பாண்டே. ஏப்ரல் 24ல் மீரட்டில் குதிரைப்படை வீரர்கள் 90 பேர் அணிவகுப்பில் நின்றார்கள், 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அன்றைக்கு அவர்களுக்குக் கொடுத்தது பழைய ரகத் தோட்டா. அதையும் தொடவில்லை. மே 10ல் மீரட் எரிந்தது.

கலகத்துக்குக் காரணம் தோட்டா மட்டுமே என்று நான் சொல்ல வரவில்லை. நிலவரி, நாடு பிடிக்கும் கொள்கை, சம்பளம், மரியாதைக் குறைவு என்று வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் பெரிய பட்டியலே வைத்திருப்பார்கள். நான் கவனிப்பது ஒன்றே ஒன்று. நம்பிக்கை போவதற்கு முன்னால் ஒரு வரி பதில் போதும். போன பிறகு பரிசோதனைச் சான்றிதழ், திருத்திய உத்தரவு, நல்ல சரக்கு எதுவும் வேலை செய்யாது.

இப்போது இதே காகிதத்தின் இன்னொரு நாளைப் பாருங்கள். 1874 செப்டம்பர் 26, நியூயார்க் பக்கத்தில் கிரீட்மோர் ரேஞ்ச். அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போட்டி. தூரம் 800, 900, 1000 கஜம். நம் என்.சி.சி. 25 மீட்டரைப் போல முப்பத்தாறு மடங்கு தூரத்தில் கடைசிச் சுற்று! டெலஸ்கோப் கிடையாது, வெறும் கண். இரண்டு பக்கமும் காகிதம் சுற்றிய ஈயக் குண்டுகள். அமெரிக்கா 934, அயர்லாந்து 931. மூன்றே புள்ளி. ஐரிஷ்காரர் ஒருவர் பக்கத்துக்காரனுடைய இலக்கின் நடுவில் அழகாகச் சுட்டுப் பூஜ்யம் வாங்கிக்கொண்டார். அதுவும் போட்டியில் ஒரு சுவாரஸ்யம்.

ஒரே காகிதம்தான். கிரீட்மோரில் சுட்டவனுக்குத் தன் காகிதம் எது, அதன் கனம் என்ன, மேலே தடவியது என்ன என்று அத்தனையும் தெரியும். தெரிந்ததால் கன்னத்தை ரைஃபிளில் பதித்து, மூச்சை அடக்கி, 1000 கஜத்துக்குச் சுட முடிந்தது. பாரக்பூர் சிப்பாய்க்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதை வாயில் வைக்க வேண்டியவன் அவன்தான்.

பிறகு 1880களில் ஸ்விட்சர்லாந்தின் எட்வர்டு ரூபின் ஈயத்தின் மேல் தாமிர உறை போட்டார், புகையில்லாத வெடிமருந்தும் வந்தது. காகிதம் ராணுவத்தை விட்டுப் போய்விட்டது. அது எழுப்பிய கேள்வி மட்டும் போகவில்லை. அதைக் கும்மிடிப்பூண்டியில் நானே பார்த்தேன்.

நான் வேலை செய்த ஒரு மெஷின் ஷாப். பெயர் வேண்டாம். சிப்காட் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பொன்னேரி, கவரைப்பேட்டை, ஏளாவூர் ஆட்களும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்களும் ஒரே ஷிஃப்ட்டில் தோளோடு தோள் நிற்பார்கள். ஒருநாள் வழக்கமான கட்டிங் ஆயிலுக்குப் பதில் புது டிரம் வந்து இறங்கியது. வெளியே ஒரு கோட் நம்பர், வேறு ஒரு விவரமும் இல்லை. எண்ணெயின் வாசனை வேறு மாதிரி. சாயங்காலத்துக்குள் ஒரு பேச்சு. ஒருத்தர் மாட்டுக் கொழுப்பு என்றார், இன்னொருத்தர் பன்றிக் கொழுப்பு என்றார். ஆறு மெஷின் நின்றுவிட்டது. சூப்பர்வைசர் சத்தம் போட்டார்: "எண்ணெய்தானேய்யா, குடிக்கவா சொல்றோம்?"

பொன்னேரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், முப்பது வருஷ டர்னர், என்னிடம் வந்தார். "சார், நாங்க ஒண்ணும் வேலைய நிறுத்தணும்னு நிக்கல. இதுல என்ன இருக்குன்னு சொல்லிட்டாப் போதும். எட்டு மணி நேரம் கை இதுலதான் ஊறுது. அந்தக் கையாலதான் சோறு திங்கணும்."

"கேட்டுச் சொல்றேண்ணா" என்றேன். அது முட்டாள்தனமான கேள்வி இல்லை. பன்றிக் கொழுப்பிலிருந்து எடுத்த லார்ட் ஆயிலை ஒரு காலத்தில் உலகம் முழுக்க மெஷின் ஷாப்புகளில் ஊற்றியிருக்கிறார்கள். சப்ளையருக்குப் போன் பண்ணி, விவரத்தாள் கேட்டேன். வருவதற்கு இரண்டு நாள் ஆனது. மினரல் ஆயில், தாவர எண்ணெயிலிருந்து செய்த ஒரு சேர்மானம், தண்ணீரோடு கலப்பதற்கு ஒரு மருந்து. விலங்குக் கொழுப்பு இல்லை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டுத் தமிழில் நானும் இந்தியில் ராஞ்சிப் பையன் ஒருவனும் வரி வரியாகப் படித்தோம்.

படித்துக்கொண்டே வந்தபோது கீழே ஒரு வரி. எண்ணெய் கெடாமல் இருக்கச் சேர்த்த கிருமிநாசினி தோலில் தொடர்ந்து பட்டால் அரிப்பும் புண்ணும் வரலாம், கையுறை அவசியம். அதைப் படித்ததும் பின்வரிசையில் மூன்று பேர் ஒன்றும் பேசாமல் கையைத் தூக்கிக் காட்டினார்கள். விரலிடுக்கில் சிவந்து தடித்திருந்தது. வெயில் என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்களாம். மறுநாள் கையுறை வந்தது, மூன்று பேரும் டாக்டரிடம் போனார்கள், மெஷின் ஓடியது. கொழுப்பைப் பற்றிக் கேட்ட கேள்விதான் அந்தக் கைகளைக் காப்பாற்றியது.

1984 போபாலுக்குப் பிறகு, 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான தொழில்களில் என்ன பொருள், என்ன ஆபத்து என்று தொழிலாளிக்குச் சொல்வதை நிர்வாகத்தின் கடமையாக்கினார்கள். எத்தனை உயிர் போன பிறகு! சட்டம் சொல்லித்தான் செய்ய வேண்டுமா? டிரம்மின் மேல் ஒரு தாள் ஒட்ட எவ்வளவு செலவாகும்?

இந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிற நம்மில் பாதிப் பேர் ஏதோ ஒரு ஆலையில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறோம். காக்களூரிலும், அம்பத்தூரிலும், கும்மிடிப்பூண்டியிலும், ஒரகடத்திலும். நாம் மாற்றுகிற எண்ணெய், பசை, பெயிண்ட், பவுடர் எதுவாக இருந்தாலும் அதைக் கையால் தொடப் போகிறவன் நாமில்லை. அதனால் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். புதுப் பொருள் உள்ளே வருவதற்கு முதல்நாளே, அதில் என்ன இருக்கிறது, கையில் பட்டால் என்ன ஆகும் என்று தமிழில் ஒரு பக்கம், இந்தியில் ஒரு பக்கம் எழுதி, டிரம்முக்குப் பக்கத்தில் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு நின்று படித்துச் சொல்லுங்கள். கேள்வி கேட்கிறவரைத் தகராறு பண்ணுகிறவர் என்று குறித்து வைக்காதீர்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. டிராயிங்கில் டாலரன்ஸ் போடக் கற்றுக்கொள்கிறீர்கள், நல்லது. இரண்டு தவ் காகிதம் ஒரு குண்டின் திசையை மாற்றும் என்று கணக்கில் காட்டலாம். அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்ட ஒரு வரி என்னென்ன மாற்றும் என்பதற்கு ஃபார்முலா கிடையாது. அதை நீங்கள்தான் ஆளோடு ஆளாக நின்று பேசித் தெரிந்துகொள்ள வேண்டும்.